கல் நகர்ந்த தூரம்

எங்கள் போர் நினைவிடத்தில் நான் வழிகாட்டி. ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தப் போரை ஆரம்பித்து வைப்பதுதான் என் வேலை. ஆற்றைப் பார்த்து இறங்கும் புல்சரிவு, அதன் அடிப்பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், கல்லில் மூன்று வரி எழுத்து. வந்த கூட்டத்தைக் கல்லைச் சுற்றி நிறுத்தி, "நீங்க நிக்கிற இந்த இடத்துலதான் முதல் குண்டு வெடிச்சது" என்பேன். அக்கரையில் அந்நியப் படை, இக்கரையில் நம் ஆட்கள். விடிந்தால் சமாதானப் பேச்சு என்று ஒப்புக்கொண்டு, ஆற்றைக் கடக்கும் துறையைக் கண்காணிக்க இரு பக்கமிருந்தும் பத்துப் பத்துப் பேரை இங்கே ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். விடியும் நேரத்தில் ஒரு வெடிச்சத்தம். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு பதினொரு வருஷம் சண்டை. இந்த இடத்தில் கூட்டம் "ச்சு" கொட்டும், நான் தண்ணீர் குடிப்பேன்.

அந்த இடத்தில் வேலை பார்த்தவர்களில் போரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவர் ஒருவர்தான். புல் வெட்டுகிறவர். அவரை எல்லோரும் அரைக்கண் அண்ணன் என்போம். பிறவியிலேயே இமை கனமோ என்னவோ, எப்போது பார்த்தாலும் பாதி மூடிய கண். புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால், தூக்கத்தில் நடக்கிறவர் கையில் யாரோ இயந்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். நான் தொண்டை கிழியப் பேசும்போது பின்னால் அது கடகடவென்று ஓடும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். ஐந்து நிமிஷத்தில் மறந்துபோய் மறுபடி கிளப்புவார்.

"கொஞ்சம் கண்ணத் தொறந்து வேலை பாருங்கண்ணே" என்று ஒருநாள் கடுப்பில் சொல்லிவிட்டேன்.

"முழுசாத் தொறந்தா ரொம்பத் தெரியுது, தங்கச்சி" என்றார்.

கோபப்பட்டுச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வெயில் காலத்தில் புதிதாக வெட்டிய புல்லின் வாசம் அந்தச் சரிவு முழுக்க நிற்கும். அந்த வாசத்தில் நடந்துகொண்டே இருந்தால் நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடும் என்பார். சில நாள் அந்தச் சரிவில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது போல அவருக்குத் தெரியுமாம். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு இருபது பேர். "என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருக்காங்க. நான் பக்கத்துல போனா காலைத் தூக்கிக்கிறாங்க, புல்லு வெட்ட." எந்தப் புத்தகத்திலும் இல்லாத வீரர்கள். கூட்டத்திடம் இதைச் சொன்னால் என் வேலை போய்விடும், அதனால் மனதோடு வைத்துக்கொண்டேன்.

சரிவின் மேல் ஓரத்தில் அவருக்குக் கொடுத்த வீடு. இரண்டு அறை, ஆற்றுப் பக்கமாக ஓர் அடுப்படி. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். அண்ணன் எவ்வளவு மெதுவோ அண்ணி அவ்வளவு வேகம். பேச்சும் வேகம், கையும் வேகம். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் பதின்மூன்று வீடு மாறியவர். சித்தப்பா வீட்டு மாடி, அத்தை வீட்டுப் பின்கட்டு, பிறகு கல்யாணமாகி வாடகை வீடுகள். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா யாரையாவது கேட்டுட்டு அடிக்கணும். இங்க வந்த அன்னிக்கு எதுக்குன்னே தெரியாம ஏழு ஆணி அடிச்சேன்" என்பார். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் உள்ள காலம்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று மேலிடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருந்தது. நினைவிடத்துக்கு அந்த இடம் தேவைப்படாத வரைக்கும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் புல்லுக்கு மேலே இருக்கும் வீடு யாருக்குத் தேவைப்படப்போகிறது?

அந்த வருஷம் மேலிடத்துக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. பாதுகாக்கும் இடங்களின் பட்டியலைப் புதுப்பிக்கிறார்களாம். முதல் வெடி இங்கேதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பொதுப் பூங்காவாக்கிவிடுவோம் என்றார்கள். பூங்காவானால் புல்வெட்டுகிறவர் இருப்பார், அவர் வீடும் இருக்கும். வழிகாட்டிதான் தேவையில்லை. பூங்காவில் யாருக்கு என்ன வழி காட்டுவது? 

தோண்டிப் பார்க்க ஒருவரை அனுப்பினார்கள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் என்பதால் டாக்டர் என்றார்கள். வாசல் காவலாளி முதல் நாளே அவரிடம் கால் ஆணியைக் காட்டி மருந்து கேட்டுவிட்டார். அவரும் பொறுமையாகக் குனிந்து பார்த்து, "இதையும் தோண்டித்தான் எடுக்கணும்" என்றார். நல்ல மனுஷர். கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, சதுரம் சதுரமாக மண்ணைச் சுரண்டி, சலித்து, பத்து நாள் தேடினார். ஒரு ஈயக் குண்டுகூட இல்லை. சோடா மூடி நிறையக் கிடைத்தது.

பத்தாம் நாள் அவர் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் பேயறைந்தது போல நின்றேன். அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெதுவாக வந்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், இந்தக் கல்லு இங்க இருந்ததில்ல."

"எங்க இருந்துச்சு?"

"மேல."

"யாரு கீழ கொண்டாந்தது?"

"நான்தான்."

விஷயம் இதுதான். கல்லின் அடி தட்டையானது. மண்ணில் புதைக்காமல் சும்மா நிறுத்தியிருந்தார்கள். கல்லை ஒட்டி ஒரு புல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. இயந்திரமோ கல்லை ஒட்டிப் போகாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கல்லை லேசாகச் சாய்த்து, ஏற்கெனவே வெட்டிய பக்கம் நாலு விரல் தள்ளி வைத்து, அடியில் இருந்த இடத்தை வெட்டுவார். சரிவு ஆயிற்றே, மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவது சுலபம். அடுத்த தடவை திரும்ப வைத்துவிடலாம் என்று நினைப்பார். அடுத்த தடவை நினைவு எங்கே இருக்கும்? இருபத்தேழு வருஷம். நாலு நாலு விரலாகக் கல் சரிவில் இறங்கி வந்துவிட்டது. நான் அதன் பின்னாலேயே போய் நின்றுகொண்டு, இதோ இந்த இடத்தில்தான் என்று ஊரையே நம்ப வைத்திருக்கிறேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கையிலிருந்த சின்னக் கொடிகளை நீட்டினார். "எவ்வளவு தூரம்னு காட்டுங்க."

அண்ணன் கல்லின் பக்கத்தில் நின்று, சரிவின் மேல்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். வருஷத்துக்கு இரண்டு எட்டு என்று கணக்கு. கண் வழக்கம் போலப் பாதி மூடியிருந்தது. நாங்கள் இருவரும் பின்னால் போனோம். இரண்டு எட்டு வைத்து நிற்பார், நினைத்துப் பார்ப்பார், ஒரு கொடியைக் குத்துவார்.

"இது போன வருஷம். இது மகளுக்குக் கல்யாணமான வருஷம். அந்த வாரம் வெட்டல, அதனால கொஞ்சம் குறைச்சுக்குங்க. இங்கதான் இயந்திரம் கால் விரலச் சாப்பிட்டுச்சு. இது மழையே இல்லாத வருஷம், புல்லு வளரல, கல்லு அப்படியே இருந்துச்சு, பாவம்." இன்னும் இரண்டு எட்டு. "இங்க எங்கம்மா போயிட்டாங்க. சேதி வந்தப்ப இந்தக் கல்லு மேலதான் உக்காந்திருந்தேன்." அங்கே கொடியைக் குத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. மேலே போகப் போக அவர் வயது குறைந்துகொண்டே வந்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள், தவழ்ந்தாள், பிறந்தாள். கடைசிக் கொடியைக் குத்திவிட்டு, "இங்கதான் முத நாள் வேலைக்குச் சேந்தேன். புதுச் செருப்பு, கடிச்சுது" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் கொடி கொடியாகச் சரிவில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே டாக்டர் நாலு நாள் தோண்டினார். அங்கும் ஒன்றும் இல்லை.

"எனக்கு முன்னாடி இருந்தவரு அவரோட பசுவ இந்தக் கல்லுலதான் கட்டுவாரு" என்றார் அண்ணன், குழியைப் பார்த்தபடி. "அதுக்குத் தண்ணி தாகம் ஜாஸ்தி. ஆத்துப் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும்னு சொல்லியிருக்காரு."

டாக்டர் தலையில் கை வைத்தார். இவர் நாலு விரல் கணக்காவது வைத்திருந்தார். பசுவிடம் எந்தக் கணக்கைக் கேட்பது? மேலிடம் இன்னும் மூன்று நாள்தான் தரும் என்றார். குழிக்குள் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தார். "இங்கேருந்து துறையே தெரியலையே. நடுவுல மேடு மறைக்குது. துறையக் காவல் காக்க வந்தவங்க துறை தெரியாத இடத்துல எதுக்கு நிக்கணும்?"

அதைக் கேட்டதும் அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. எதற்கென்று எனக்குப் புரிந்தது. மேட்டுக்கு மேலாகத் துறை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தேடுகிறார். முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் அவர் முதுகு ஒரு சுவரில் முட்டியது. அவர் வீட்டு அடுப்படிச் சுவர்.

அப்போது அவர் கண்கள் முழுசாகத் திறந்தன. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

"தெரியுதா?" என்று கீழிருந்து டாக்டர் கேட்டார்.

"இங்கேருந்தும் தெரியல, சார்" என்றார்.

பொய் என்று எனக்குத் தெரியும். அவர் பார்வை ஆற்றில் நிலைகுத்தியிருந்தது. துறையின் ஓரம் எட்டிப் பார்க்க ஆரம்பித்த இடம் அது, முழுசாகத் தெரியும் இடம் சுவருக்கு அந்தப் பக்கம். கல் கீழே இழுபட்டுப் போன பிறகு, காலி இடம்தானே என்று யாரோ அதன் மேலேயே வீட்டைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். என் பிழைப்பே அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் அந்தச் சுவருக்குள் அண்ணி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. சும்மா இருந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தட்டைத் தொடவில்லை. அடுப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னார். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"கல்ல நகத்துனது நீங்க. இப்ப என் வீட்டையும் நகத்தணுமா?"

"நான் சொல்லல. தெரியலன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? உங்க வயித்துல இருக்கிற கல்ல எடுத்து என் வயித்துல வைக்கிறதுக்கா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ என்ன வாயத் தொறக்கல? உனக்கும் வேலை போகுதில்ல?"

"போனா வேற தேடிக்குவேன் அண்ணி" என்றேன். எங்கே தேடுவது என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாள் அண்ணன் இயந்திரத்தைக் கிளப்பவில்லை. சரிவில் போய் நிற்பார், திறந்த கண்ணோடு புல்லையே பார்ப்பார். "இப்ப உங்க ஆளுங்க உக்காந்திருக்காங்களா?" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "இல்ல. எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றார். அவர் குரலைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். இத்தனை நாளும் டீ கொடுத்தவராயிற்றே. அடுப்படியில் நின்றபடியே அண்ணி கடைசி டீயை ஆற்றினார். அண்ணன் வாசல்படியில் நின்றார். ஆற்றிக்கொண்டே அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். ஆற்றுவதை நிறுத்தவில்லை, நுரை வழிகிற அளவுக்கு ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"சொல்லிடுங்க" என்றார் கடைசியில். "உங்க கண்ண இப்படிப் பாக்க எனக்குப் பயமா இருக்கு."

"நிஜமாவா?"

"நான் மனசு மாறுறதுக்குள்ள சொல்லுங்க."

"சார், நான் பொய் சொன்னேன்" என்றார் அண்ணன். "அந்தத் துறை தெரியுது. நீங்க நிக்கிற இடத்துலேருந்துதான் முழுசாத் தெரியும். சுவரு மறைக்குது."

டாக்டர் கையில் டீயோடு தன் காலடியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். வேண்டுமென்றால் இதை நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பார், அவர் முகம் அப்படித்தான் இருந்தது. அண்ணி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "டீயக் குடிச்சுட்டுத் தோண்டுங்க. அடுப்ப நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

முழங்கை ஆழத்தில் கிடைத்தது. ஈயக் குண்டுகள், ஓர் இடுப்புவார்க் கொக்கி, துப்பாக்கியின் ஒடிந்த விசைப்பகுதி. அந்தக் குண்டுகளில் இரு படைத் துப்பாக்கிகளின் அளவும் கலந்து கிடந்தன. அதற்குக் கீழே சாம்பல் படலம் ஒன்று, மூன்று பக்கமும் கரிந்த கல். இருபது பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ காய்ச்சியிருக்கிறார்கள். வெடிமருந்துப் பை ஒன்று நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து தானாக வெடித்திருக்கலாம், யாருமே சுடாமலும் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். நிச்சயமில்லை என்பதால் அறிக்கையில் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. ஒரு விடிகாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பதினொரு வருஷப் போரா? எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. அண்ணி குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து வர்ற பக்கம் பாத்துத்தான் அடுப்பு வச்சிருக்கான். சமைக்கத் தெரிஞ்சவன்" என்றார்.

பட்டியலில் எங்கள் இடம் நிலைத்தது. எழுத்தில் இருந்த அந்தக் கடைசி வரியைக் காட்டி வீட்டை இடித்தார்கள். கல்லைக் கொண்டுபோய் அடுப்பிருந்த இடத்தில் வைத்து, இனி நகராதபடி சிமென்ட் போட்டார்கள், சுற்றிக் கயிறு கட்டினார்கள். அண்ணனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு மடித்து, ஆடும் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

கட்டில் இப்போது சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு கடைக்கு மேல் வாடகைக்கு எடுத்த இடத்தில் இருந்தது. அண்ணிக்கு அது பதினைந்தாவது. அதை அவர் வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை. "அந்த ரூம்ல தண்ணி வரல", "ரூமுக்குப் போய்ட்டு வர்றேன்" என்பார். அண்ணன் அதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் என்னிடம், "அவகிட்டேருந்து எடுத்துட்டேன், தங்கச்சி. திருப்பிக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? என் வேலை நிலைத்ததே அவர்கள் வீட்டின் மேல்தான். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

புதிய இடத்தில் கூட்டம் வர ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். நான் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் கடைசியில் அண்ணி வந்து நின்றார். அதுவரை அந்தப் பக்கமே வராதவர். கையில் சந்தைப் பை. நீங்க நிக்கிற இந்த இடத்துலதான் என்று ஆரம்பித்து, முடிக்க முடியவில்லை. அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். யாரோ, "உள்ள போகக் கூடாதும்மா" என்றார்கள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லின் பக்கத்தில், அடுப்பைப் பார்த்து நிற்பவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். அவருக்கு எதிரே சுவர் இருந்த இடம் இப்போது வெட்டவெளி. அதற்கு அப்பால் சரிவு இறங்கி, மேட்டைத் தாண்டி, வெயிலில் ஆறு விரிந்து கிடந்தது.

கீழே புல் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். மேலே வரவும் துணியாமல், அங்கேயே நிற்கவும் முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எனக்குப் போனது போனதுதாம்மா" என்றார் என்னிடம். "இதுவும் நல்லதுக்குத்தான்னு எவளாவது என்கிட்ட வந்து சொல்லட்டும்."

"சொல்ல மாட்டேன் அண்ணி."

அவர் சரிவில் இறங்கினார். அண்ணனின் பக்கத்தில் போய் நின்று, சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு சந்தைப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வழக்கமான வேகத்தோடு சொன்னது என் காதிலும் விழுந்தது.

"சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க. சாப்பாடு ஆறிடும்."

அண்ணன் இயந்திரத்தைப் பிடித்தபடியே சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.